மூன்றாவது மெனு, ஒன்பதாவது வரி

அண்ணாமலை நகர்
20 ஜனவரி 2025

அக்கா,

நீ என் எண்ணை பிளாக் செய்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்மாவைக் கூப்பிட்டால், "அவ பேசமாட்டேன்றா, நா இன்னா பண்ணட்டும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால்தான் தபால். பள்ளிக்கூடத்தில் எழுதிய லீவ் லெட்டரைத் தவிர நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் லீவில் உன் கடைக்கு வந்து நீ வேலை செய்வதை வீடியோ எடுத்தபோது, எதற்கு என்று கேட்டாய். "சும்மாதான்" என்றேன். சும்மா இல்லை. எங்கள் கம்பெனி செய்கிற டிசைன் மென்பொருளை ஃபிளெக்ஸ் பேனர் கடைகளுக்கு விற்கப்போகிறார்கள். அதில் நானூறுக்கு மேல் கட்டளைகள். எல்லாம் மெனுவுக்குள்ளே, அதற்குள் இன்னொரு மெனுவுக்குள்ளே கிடக்கின்றன. எது எங்கே என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மேலே ஒரு பெட்டி வைத்து, வேண்டியதைத் தட்டினால் அந்தக் கட்டளை கீழே வந்து நிற்கும்படி செய்வது என் வேலை. தமிழிலும் தட்டலாம். இது ஏன் வேண்டும் என்று பெங்களூரில் இருக்கிற பெரியவர்களுக்குக் காட்டத்தான் உன் வீடியோவைக் கூட்டத்தில் போட்டேன்.

சிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. கூட்டத்தின் பதிவை உனக்கு அனுப்பியதும் நான்தான். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கும் என்று யோசிக்காமல், உன் வேலை பெங்களூர் வரைக்கும் போய்விட்டது என்ற பெருமையில் அனுப்பினேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதிப் பார்த்தேன். சின்னதாக இருக்கிறது. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் போடாவிட்டாலும் சரி. அந்தப் பெட்டியில் நீ தட்டுவதாக இருந்தால் என்ன வார்த்தை தட்டுவாய்?

ஜெபஸ்டின்


கடலூர் முதுநகர்
27 ஜனவரி 2025

ஜெபஸ்டின்,

கடிதம் வந்தது. கவரைப் பார்த்ததும் கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று அம்மா பயந்துவிட்டாள். நம் வீட்டுக்குத் தபாலில் நல்லது எது வந்திருக்கிறது.

நான் விரலை ஸ்கிரீனில் வைத்து எண்ணுகிறேன். உதடு அசைகிறது. ஆமாம். பதினாலு வருஷமாக அப்படித்தான். நாங்கள் வைத்திருக்கிற பழைய மென்பொருளில் மெனுவெல்லாம் இங்கிலீஷ். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பேனர் கேட்டு வந்த ஆள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவான். அதனால் எண்ணிக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது மெனு, ஒன்பதாவது வரி. ஐந்தாவது மெனு, இரண்டாவது வரி, அதைத் திறந்தால் வலப்பக்கம் நாலாவது. நானூறும் எனக்குத் தெரியாது. நூற்றுப்பத்து தெரியும். அந்த நூற்றுப்பத்தில்தான் நீ எம்.சி.ஏ. முடித்தாய்.

மஞ்சக்குப்பத்தில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய்க் கேள். என்னைவிட வேகமாக ஃபிளெக்ஸ் போடுகிற ஆள் இருந்தால் காட்டச் சொல். என் பேனரில் தமிழில் ஒரு பிழை இருந்தால் அதையும் காட்டச் சொல்.

"இன்னாங்க, ஜெபமாலை சொல்றாங்களா?" என்று உன் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அது எனக்குப் பெரிசில்லை. கடையில் நான் தினமும் கேட்பதற்கு அது மரியாதையான பேச்சு. ஆனால் அந்தச் சிரிப்புகளில் ஒன்று உன்னுடையது. மெதுவாக, மூக்கால் சிரிப்பாயே, அது. இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

போனில் பேசினால் கத்துவேன். பிளாக் அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு: மூன்றாவது மெனு ஒன்பதாவது வரியை நாங்கள் பொகை என்போம். படத்தின் ஓரத்தைப் புகை மாதிரிக் கரைப்பது. இதற்குமேல் கேட்காதே.

ஜோதி மேரி


அண்ணாமலை நகர்
5 பிப்ரவரி 2025

அக்கா,

சிரித்தேன். இல்லை என்று மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். வீடியோவில் இருப்பது என் அக்கா என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. "கடலூரில் ஒரு டிசைனர்" என்றேன். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடுமே என்று சிரித்தேன். இதைவிட மோசமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

பொகையைச் சேர்த்துவிட்டேன். எங்கள் மெனு வரிசையும் உங்கள் பழைய மென்பொருளைப் போலத்தான். அதற்கு ஏற்கெனவே "விளிம்பு மங்கலாக்கம்" என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு வல்லுநர் குழு கொடுத்த பட்டியல். இங்கே எங்களுக்குத் தலைவராக இருக்கிற செம்பியன் சார், "பொகைன்னு போட்டா வெளிய நாலு பேருக்குக் காட்ட முடியுமாப்பா?" என்றார். "காட்டவே வேணாம் சார். மெனுவுல உங்க சொல்லே இருக்கட்டும். தேடுறவன் பொகைன்னு தட்டினா அது வந்து நிக்கணும், அவ்ளோதான்" என்றேன். அரை மணி நேரம் கழித்து ஒத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் நான் ஜெயித்த முதல் சண்டை இது. உன் வார்த்தைக்காக.

எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். ஒரு எழுத்துத் தட்டியதுமே கீழே பட்டியல் விரியும். முதல் வரி நீலமாக நிற்கும். எண்டர் தட்டினால் அது ஓடிவிடும். நீ கடைசியாக எதைச் செய்தாயோ அது அடுத்த முறை முதலில் வரும். நாளாக நாளாக உன் கைக்குப் படிந்துவிடும். எண்ணவே வேண்டாம்.

மார்ச்சில் பத்துக் கடைகளில் சோதனைக்குக் கொடுக்கிறோம். அதில் உங்கள் கடையும் உண்டு. உங்கள் ஓனர் மணவாளன் சாரிடம் பேசியாயிற்று. இன்னும் வார்த்தை அனுப்பு அக்கா.

ஜெபஸ்டின்


கடலூர் முதுநகர்
16 பிப்ரவரி 2025

ஜெபஸ்டின்,

உன் மூன்று தாளையும் அனுப்பியிருக்கலாம். எப்படிப் பொய் சொல்லியிருப்பாய் என்று பார்த்திருப்பேன்.

வார்த்தைகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுப்பத்துக்கும் இருக்கிறது. சிலது உனக்குப் புரியாது. உரி என்றால் ஆளை விட்டுவிட்டு மீதியைத் தோல் உரிப்பதுபோல எடுப்பது. கோட்டு மாட்டு என்றால், வாழ்நாளெல்லாம் லுங்கியோடு கிடந்தவருக்கு அஞ்சலி பேனரில் கோட்டும் டையும் போட்டுவிடுவது. கண் திற என்றால், குடும்பத்தில் கிடைக்கிற ஒரே படம் கண்மூடிய படமாக இருந்தால், மகனுடைய கண்ணை எடுத்து வைப்பது.

அதிகம் தட்டப்போவது வெளுப்பு. அதை முதலிலேயே வை. இந்த ஊரில் கறுப்பாக இருக்கிற ஒருத்தனும் பேனரில் கறுப்பாக நிற்கமாட்டான். நம் தெரு ஆட்களும்தான். அம்மாவுக்கு நான் பேனர் போடும் நாள் வந்தால் வெளுக்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சமா பண்ணுடி, ஊரே பாக்கும்" என்கிறாள்.

இரண்டு விஷயம். நீ கேட்காமலே சொல்கிறேன்.

தேடினது வந்தால் அதன் பக்கத்தில் அது எந்த மெனுவில் எத்தனையாவது வரி என்று போடு. பெட்டி கெட்டுப்போனால் நான் என்ன செய்வது? இடம் தெரிந்தால் எண்ணிக்கொள்வேன்.

அடுத்தது, எண்டர் தட்டியதும் ஓடவேண்டாம். இதுதானா என்று ஒரு தடவை கேட்கட்டும். நாங்கள் உன்னை மாதிரி ஏசி அறையில் தனியாக உட்கார்ந்து தட்டுவதில்லை. முன்னால் நாலு பேர் நின்று, "எம் மச்சான் மூஞ்சிய பெருசா போடு, சித்தப்பன் மூஞ்சிய சின்னதா போடு" என்று கத்துவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் கை ஓடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் எழுந்தால் அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தமிழ்மணி வந்து அதே நாற்காலியில் உட்காருவான். நான் திறந்து வைத்ததெல்லாம் திறந்தபடியே இருக்கும். அவன் சொல்கிற வார்த்தைகளையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மணவாளன் சார் நேற்று, "அப்ப இனிமே யார வேணா ஒக்கார வெக்கலாம்னு சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். இதுவும் நீ செய்ததுதான்.

ஜோதி மேரி


அண்ணாமலை நகர்
2 மார்ச் 2025

அக்கா,

வேலை தலைக்குமேல் இருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் வார்த்தைகளில் தொண்ணூற்றெட்டு உள்ளே போய்விட்டன. வெளுப்புக்கு மட்டும் சண்டை. செம்பியன் சார் "முகப் பொலிவு" என்று வைத்திருக்கிறார். நீ வெளுப்பு என்று தட்டினாலும் வரும்.

இடம் காட்டுவது இந்தப் பதிப்பில் முடியாது. அடுத்ததில் பார்க்கலாம். இதுதானா என்று கேட்பதை பெங்களூரில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தட்டு கூடினால் வேகம் போய்விடுமாம். நான் பேசிப் பார்த்தேன். ரொம்பப் பேசவில்லை. ஏப்ரல் நடுவில் என்னை நிரந்தரம் ஆக்குகிறார்கள். அதுவரை கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆர்டர் வந்ததும் அம்மாவை இங்கே கூட்டி வந்து கோயில் தெருவெல்லாம் காட்டவேண்டும். நீயும் வா.

ஜெபஸ்டின்


கடலூர் முதுநகர்
8 ஏப்ரல் 2025

ஜெபஸ்டின்,

நம் தெரு அன்பரசு அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் தினமும் அங்கே யுனிவர்சிட்டி கேம்பஸுக்கு வேலைக்கு வருகிறார். என் போன் ஸ்டேஷனில் இருக்கிறது. பதிலை அவரிடமே கொடு.

நேற்று மதியம் ஒரு பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் பேனர் செய்துகொண்டிருந்தேன். அச்சில் எப்படி வரும் என்று பார்க்க, உன் பெட்டியில் அச்சு என்று தட்டி எண்டர் கொடுத்தேன். நாலு நாளாக அப்படித்தான் செய்கிறேன், முன்தோற்றம் வரும். நேற்று வரவில்லை. திறந்திருந்த எல்லாக் கோப்பும் பின்னறை மெஷினுக்குப் போய்விட்டன. பேசிக்கொண்டிருந்ததில் நான் கவனிக்கவில்லை. மறுபடி தட்டினேன், முன்தோற்றத்தைக் கீழே தேடி எடுத்தேன், வேலையைப் பார்த்தேன்.

திறந்திருந்ததில் ஒன்று கண்ணாயிரத்தின் அறுபதாவது பிறந்தநாள் பேனர். லாரி வைத்திருக்கிறாரே, போன வருஷம் நம் மாதா தேரைத் தன் தெரு வழியாக விடமாட்டேன் என்று குறுக்கே லாரியை நிறுத்தியவர், அவர்தான். எங்கள் வேலை முறை உனக்குத் தெரியும். புதிதாக யாரும் ஆரம்பிப்பதில்லை. முந்தின நாள் பேனரைத் திறந்து, அதன்மேல் படத்தை மாற்றுவோம், கடைசியில் எழுத்தை மாற்றுவோம். அளவு சரியாக இருந்தது, தங்க பார்டர் இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை செய்த ஒரு அஞ்சலி பேனரை எடுத்தேன். அவர் படத்தை வைத்து, வெளுத்து, மாலையை எடுக்கவேண்டும் என்று விட்டிருந்தேன். வாழ்த்து வாசகம் அவர் மகன் அனுப்புவதாகச் சொன்னான், வரவில்லை. அதனால் எழுத்து அப்படியே இருந்தது.

மெஷின்காரர் தங்கராசுக்கு வருகிறதை வெட்டி, சுருட்டி, பெயர்ச் சீட்டு கட்டி வைக்கத்தான் தெரியும். பிரித்துப் பார்க்கமாட்டார். நாலரைக்குக் கண்ணாயிரமே ஆட்களோடு வந்தார். ரோட்டில் பிரித்தார்கள். பத்தடிக்கு எட்டடி. கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவர். கழுத்தில் மாலை. தோற்றம் இன்ன தேதி, மறைவு ஐந்தாம் தேதி.

கண்ணாயிரம் அதைக் கடைசிவரை படித்தார். அப்புறம், "எவ செஞ்சது?" என்றார். நான் எழுந்து நின்றேன். "எந்தத் தெரு நீ?" என்றார். பேனரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்வதற்குள் மணவாளன் சார் தெருவைச் சொன்னார். "தேரு போவலன்னு பாடை கட்டுறியாடி எனக்கு?" என்று அறைந்தார். மானிட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள்.

வேண்டுமென்றே செய்தேன் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். தேருக்குப் பழிவாங்கினேனாம். இப்போது நம் தெருப் பையன்கள் நாலு பேர் பெயரையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். வருகிற சனிக்கிழமை, 12ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் வைத்துப் பேசுகிறார்கள்.

எனக்கு ஒரு கடிதம் வேண்டும். உன் கம்பெனித் தாளில். பெட்டிதான் தானாக அந்தக் கட்டளையை முதலில் வைத்தது, தட்டியவள் கேட்டது வேறு என்று நாலு வரி. அதைக் காட்டினால் வேண்டுமென்றே என்பது அடிபடும் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். சனிக்கிழமைக்குள்.

அம்மா சாப்பிடவில்லை. என் கன்னம் பரவாயில்லை.

ஜோதி மேரி


அண்ணாமலை நகர்
10 ஏப்ரல் 2025

அக்கா,

அன்பரசு அண்ணன் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். அவரை நிற்கவைத்து எழுதுகிறேன்.

சோதனைக் கடைகளில் என்ன தட்டுகிறார்கள் என்பது எங்களுக்கு வந்து பதிவாகும். உன் கடையின் பதிவைத் திறந்து பார்த்தேன். திங்கள் மதியம் 12.41. அச்சு என்று தட்டியிருக்கிறாய். முதல் வரியில் நின்றது "திறந்துள்ள அனைத்தையும் அச்சிடு". ஏனென்றால் ஞாயிறு சாயங்காலம் தமிழ்மணி அதை ஒன்பது முறை செய்திருக்கிறான். அதற்கு முந்தின நாட்களில் அவன் ஒரு முறைகூடச் செய்யவில்லை. பெட்டிக்கு நீயும் அவனும் ஒரே ஆள். ஒரு கணினிக்கு ஒரு ஆள் என்று வைத்துத்தான் நான் எழுதினேன். நீ பிப்ரவரியில் எழுதியிருக்கிறாய், அதே நாற்காலி என்று. அந்தக் கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். நாற்காலியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

உன்மேல் துளியும் தப்பில்லை. பதிவில் தெளிவாக இருக்கிறது.

செம்பியன் சாரிடம் கேட்டேன். "நம்ம சாமானு தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன்பா வாங்குவான்?" என்கிறார். "ஒங்க அக்கான்னு ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றும் கேட்டார். பெங்களூருக்கு மெயில் போட்டுக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். செவ்வாய், புதனுக்குள் தெரியும். சனிக்கிழமை எப்படியாவது ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல். வாய்தா கேட்டால் கொடுப்பார்கள்.

நான் இருக்கிறேன் அக்கா. பயப்படாதே.

ஜெபஸ்டின்


அண்ணாமலை நகர்
16 ஏப்ரல் 2025

அக்கா,

பெங்களூரில் முடியாது என்றுவிட்டார்கள். இருக்கட்டும். இத்துடன் நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. கம்பெனித் தாள் இல்லை. ஆனால் நான்தான் அந்தப் பெட்டியைச் செய்தவன் என்று என் பெயர், வேலை எல்லாம் போட்டிருக்கிறேன். பதிவையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதை வெளியே கொடுத்தது தெரிந்தால் எனக்குப் பிரச்சினைதான். பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இதை ஸ்டேஷனில் கொடு. கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

ஜெபஸ்டின்


மேல்பட்டாம்பாக்கம்
22 ஏப்ரல் 2025

ஜெபஸ்டின்,

உன் கவர் முதுநகர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. நாங்கள் சித்தி வீட்டில் இருக்கிறோம்.

வாய்தா கேட்டேன். "நீ இன்னா ஜட்ஜம்மாவா, தேதி கேக்க?" என்றார்கள். 12ஆம் தேதி மதியம் ஒன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். எழுதினது அவர்கள். முன்விரோதத்தின் காரணமாகவும் எனது திமிரினாலும் செய்தேன் என்று. இரண்டு இடத்தில் பிழை இருந்தது. பிழையோடு விட்டேன். போட்டால் நம் பையன்கள் நாலு பேர் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள். அது ஒன்றுதான் நடந்தது.

அதற்கப்புறம் கடைக்குக் கூட்டிப்போய் அவருடைய பிறந்தநாள் பேனரை என்னையே முடிக்கச் சொன்னார்கள். மணவாளன் சார் பழைய கணினியைப் போட்டுக் கொடுத்தார். எண்ணித்தான் செய்தேன். கண்ணாயிரம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை வெளுத்தேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் வெளுத்தேன். முடித்ததும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் மணவாளன் சார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

நீ போனில் அம்மாவிடம் சொன்னாயாம், 15ஆம் தேதி ஆர்டர் வந்துவிட்டது என்று. அம்மா சந்தோஷத்தில் அழுதாள். உன் கடிதத்தில் தேதி 16. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்ணத் தெரியும்.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். யாராவது பார்த்தால் உனக்குப் பிரச்சினை.

ஜோதி மேரி


அண்ணாமலை நகர்
30 ஜூன் 2025

அக்கா,

இரண்டு மாதமாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எண்ணியது சரி. செம்பியன் சார் 10ஆம் தேதி என்னிடம், "பதினஞ்சாந்தேதி ஆர்டர், அதக் கெடுத்துக்காத" என்றார். அதை உனக்கு எழுதவில்லை. அன்பரசு அண்ணன் வாசலில் நின்றபோது நான் அழுதேன் என்று எழுதலாம். அழவில்லை. அவரை டீ குடிக்கச் சொன்னேன்.

புதுப் பதிப்பு வந்துவிட்டது. அச்சிடுவது, அழிப்பது மாதிரித் திரும்பப் பெற முடியாதவை இனி தானாக முதல் வரிக்கு வராது. எதைத் தட்டினாலும் இதுதானா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த மெனு, எத்தனையாவது வரி என்று இருக்கும். எல்லாம் நீ பிப்ரவரியில் சொன்னது. பெங்களூரில் கை தட்டினார்கள். இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். சொல்ல எழுந்தேன். செம்பியன் சார், "எங்க டீம்தான்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

உன் வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. நானூறு கடைகளில் ஓடுகிறது. அதிகம் தட்டுவது வெளுப்புதான்.

இன்னும் இருநூறு வார்த்தை வேண்டும் என்கிறார்கள். உன்னிடம் கேட்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உன் பெயரோடு போடச் சொல்லிச் சண்டை போடுவேன். இந்த முறை நிஜமாக.

ஜெபஸ்டின்


மேல்பட்டாம்பாக்கம்
13 ஜூலை 2025

ஜெபஸ்டின்,

மூன்று மாதத்தில் வேலை கேட்டு ஐந்து கடை ஏறி இறங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஆறாவதாக நெல்லிக்குப்பத்தில், சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஓனர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஒரு கல்யாண ஜோடிப் படத்தைக் கொடுத்து, "பேனர் ஒன்னு போட்டுக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார். உன் புதுப் பதிப்பு வைத்திருந்தார்.

பொ என்று தட்டினேன். பொகை என்று முடிப்பதற்குள் வந்துவிட்டது. விளிம்பு மங்கலாக்கம். பக்கத்தில் சின்ன எழுத்தில், மூன்றாவது மெனு, ஒன்பதாவது வரி. எண்டர் கொடுத்தேன். இதுதானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். உரி தட்டினேன், வந்தது. வெளுப்பு தட்டினேன், வந்தது. உதடு அசையவில்லை. பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாய்.

"கை சூப்பரா ஓடுதும்மா. நாளைக்கே வந்துடு. எந்த ஊரு?" என்றார். முதுநகர் என்றேன். "பேரு?" என்றார். சொன்னேன்.

போனை எடுத்தார். இந்த மாவட்டத்து ஃபிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதாம். அதில் என் பெயரைத் தேடினார். நான் எதிரே உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு எழுத்துத்தான் தட்டியிருப்பார். நான் கையெழுத்துப் போட்ட தாளும், ஸ்டேஷன் வாசலில் நிற்கிற என் படமும் வந்தன. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணா நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நா ஒன்னும் நெனைக்கலம்மா. ஆனா கட நடத்தணுமே" என்றார். நான் செய்த பேனரை அழிக்கவில்லை. அதை அச்சுக்கு அனுப்பிவிட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமையிலிருந்து சித்தியோடு கரும்பு வெட்டின காட்டில் களை எடுக்கப் போகிறேன்.

இருநூறு வார்த்தை கேட்டிருந்தாய். என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வரச்சொல்லி எழுது என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

ஜோதி மேரி